கோடு எங்கப்பா இருக்கு?

உங்க வாக்காளர் அட்டையைக் கொஞ்சம் கையில எடுங்க. முன்பக்க போட்டோவைப் பார்த்து அப்செட் ஆகாதீங்க பாஸ், அது எல்லாருக்கும் அப்படித்தான்! அட்டையைத் திருப்புங்க. முகவரிக்குக் கிட்ட ஒரு நம்பரும் ஒரு ஊர்ப் பேரும் இருக்கும். என்னிக்காவது கவனிச்சிருக்கீங்களா?

சத்தியமா நான் கவனிச்சதில்லை. என் அட்டை தபால்ல வந்த அன்னிக்கு போட்டோவைப் பார்த்து நொந்ததோட சரி. அதே வாரம் கிளாஸ்ல என் பக்கத்து சீட் தோழிக்கும் அட்டை வந்துச்சு. (பேர் போட்டா கொன்னுடுவேன்னு மிரட்டியிருக்கா. அதனால 'தோழி'ன்னே வெச்சுக்குவோம்.) லஞ்ச் பிரேக்ல ரெண்டு அட்டையையும் டிபன் பாக்ஸ் மேல வெச்சு, யார் போட்டோ ரொம்பக் கேவலம்னு ஒரு போட்டி. திருப்பினா... ரெண்டுலயும் '27 - சோழிங்கநல்லூர்'!

"ஏய், உன் வீடு மடிப்பாக்கம். என் வீடு பெரும்பாக்கம். நடுவுல அவ்வளவு பெரிய சதுப்பு நிலமே இருக்கு. எப்படிடீ ஒரே தொகுதி?"

நல்ல கேள்வி! நான் மூணாம் வருஷம் சிவில். சர்வே லேப்ல ரேஞ்சிங் ராடைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல காய்ஞ்ச அனுபவம் உண்டு. ஒரு இடத்தோட எல்லையை நடந்து பார்க்காம நம்பக் கூடாதுன்னு எங்க சார் சொல்லிக்கிட்டே இருப்பார். விஷயத்தை நம்ம ஆபீஸ்ல சொன்னேன். "அப்ப சுத்திப் பார்த்துட்டு வந்து எழுதும்மா"ன்னு ஆசிரியர் ஒரே வரியில முடிச்சுட்டார்.

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி. அம்மாவோட ஸ்கூட்டி, ஒரு ஹெல்மெட் எனக்கு, ஒண்ணு தோழிக்கு. நூறு ரூபாய்க்கு பெட்ரோல். கிளம்பிட்டோம். நீங்களும் பின்னாடி ஏறிக்குங்க!

மேப்ல கோடே இல்லை!

கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஹோம்வொர்க். தொகுதி எல்லைங்கறதை யாரோ ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டிருப்பாங்கன்னுதான் நான் நினைச்சிருந்தேன். இல்லவே இல்லை. அது ஒரு பட்டியல்!

நீதிபதி குல்தீப் சிங் தலைமையில 2002-ல ஒரு எல்லை வரையறை ஆணையம் போட்டாங்க. அது முடிச்ச வேலை 2008-ல ஆணையா வந்துச்சு. அதுல சோழிங்கநல்லூருக்கு நேரா இருக்கறது வெறும் ஊர்ப் பேர்கள்தான். 'தாம்பரம் தாலுகா (பகுதி)'ன்னு ஆரம்பிச்சு கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், காரப்பாக்கம், செம்மஞ்சேரி, உத்தண்டி, மேடவாக்கம், மடிப்பாக்கம், பெரும்பாக்கம்னு ரயில் பெட்டி மாதிரி நீளுது. இந்த ஊர்களோட வெளி ஓரத்தை எல்லாம் சேர்த்துத் தைச்சா வர்றதுதான் தொகுதி எல்லை.

காமெடி என்னன்னா, ஊர்ப் பேர் அப்படியே நிக்குது. மத்ததெல்லாம் மாறிக்கிட்டே இருக்கு. தாம்பரம் தாலுகாவில் இருந்த இடத்துக்கு அப்புறம் சோழிங்கநல்லூர்ங்கற பேர்லயே தனித் தாலுகா வந்துச்சு. 2011-ல கொட்டிவாக்கம், மடிப்பாக்கம், பெருங்குடி, பள்ளிக்கரணை எல்லாம் சென்னை மாநகராட்சிக்குள்ள போச்சு. மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், கோவிலம்பாக்கம் மட்டும் ஊராட்சியாவே நின்னுடுச்சு. 2018-ல சென்னை மாவட்டம் பெருசாகி, மாநகராட்சி எல்லை வரைக்கும் வந்துச்சு. 2019-ல காஞ்சிபுரத்தைப் பிரிச்சு செங்கல்பட்டு மாவட்டம். 2022-ல தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனரேட்.

இப்ப எங்க ரெண்டு பேரையும் பாருங்க. எனக்கு மாநகராட்சி கவுன்சிலர். அவளுக்கு ஊராட்சித் தலைவர். நான் சென்னை மாவட்டம். அவ செங்கல்பட்டு மாவட்டம். எனக்கு சென்னை போலீஸ். அவளுக்கு தாம்பரம் போலீஸ். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே எம்.எல்.ஏ., ஒரே எம்.பி.! அந்த எம்.பி.யும் தென்சென்னை. மயிலாப்பூர் மாடவீதி மாமியும், தி.நகர் துணிக்கடை முதலாளியும், பெரும்பாக்கம் என் தோழியும் ஒரே எம்.பி. தொகுதி. தலை சுத்துதா? இருங்க, இன்னும் வண்டியே ஸ்டார்ட் பண்ணலை.

கடலுக்கு ஏதும்மா தொகுதி?

ஸ்டார்ட்டிங் பாயின்ட், கிழக்குக் கடற்கரைச் சாலையில கொட்டிவாக்கம். திருவான்மியூர் வரைக்கும் வேளச்சேரி தொகுதி. அதைத் தாண்டினா நம்ம 27. 'இங்கே தொகுதி ஆரம்பம்'னு ஒரு போர்டு? தேடித் தேடிப் பார்த்தோம். ம்ஹூம்! மாநகராட்சிக்கு போர்டு உண்டு, போலீஸ் ஸ்டேஷன் எல்லைக்கு போர்டு உண்டு, அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கற அபார்ட்மென்ட்டுக்கும் போர்டு உண்டு. தொகுதிக்கு மட்டும் கிடையாது.

ஆனா தோழி ஒரு ட்ரிக் கண்டுபிடிச்சா. "பஸ் ஸ்டாப் நிழற்குடையைப் பாருடீ!" ஆமா. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியில கட்டின நிழற்குடைன்னா அதுல தொகுதிப் பேரை எழுதிடுவாங்க. தியோடலைட்டும் வேணாம், ஜி.பி.எஸ்.ஸும் வேணாம். நிழற்குடையைப் படிச்சாலே போதும், எந்தத் தொகுதியில நிக்கறோம்னு தெரிஞ்சுடும்!

கிழக்கு எல்லை ரொம்ப சுலபம். வங்காள விரிகுடா! நீலாங்கரை குப்பத்துல வலை பிரிச்சுக்கிட்டிருந்த ஒரு அண்ணாகிட்ட கேட்டோம். "அண்ணா, கடல்ல எதுவரைக்கும் சோழிங்கநல்லூர் தொகுதி?"

எங்களை மேலயும் கீழயும் பார்த்தார். "கடலுக்கு ஏதும்மா தொகுதி? கரைக்கு வந்தாத்தான் தொகுதி. ஓட்டு இங்க, மீனு அங்க." அவ்வளவுதான். மறுபடி வலைக்குப் போயிட்டார். எங்க சார் ஒரு செமஸ்டர் எடுக்கற பாடத்தை அண்ணா ரெண்டு வரியில முடிச்சுட்டார்.

ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கு. கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து ஆரம்பிச்ச இடம். அப்ப இந்த ஏரியா வெறும் சவுக்கும் மணலும். இப்ப? சவுக்குத் தோப்பு இருந்த இடத்துல எல்லாம் மதில் சுவர். ரோட்டுல இருந்து கடல் தெரியற இடத்தை எண்ண ஒரு கை விரல் போதும். உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டி கானாத்தூர் வந்ததும் தொகுதி முடிஞ்சுது. அங்க இருந்து திருப்போரூர் தொகுதி. எம்.பி.யும் மாறி காஞ்சிபுரம். ரோடு மட்டும் மாறலை.

யு டர்ன்!

ரெண்டு தொகுதிக்கு ஒரு டீக்கடை

ஈ.சி.ஆர்.ல இருந்து ஓ.எம்.ஆர்.க்குப் போகணும்னா நடுவுல பக்கிங்ஹாம் கால்வாய். திருவான்மியூரை விட்டு வந்துட்டா வண்டி போற முக்கியமான வழி, அக்கரை - சோழிங்கநல்லூர் இணைப்புச் சாலைதான். ஊர்ப் பேரே அக்கரைன்னு வெச்சிருக்காங்க பாருங்க! ஒரே தொகுதிக்குள்ள இக்கரை, அக்கரை. அந்தப் பக்கம் கடல் பார்த்த பங்களா. இந்தப் பக்கம் கண்ணாடி வெச்ச ஐ.டி. கம்பெனி. நடுவுல கறுப்பா ஓடற கால்வாய். பாலத்துல நின்னு போட்டோ எடுக்கலாம்னு நினைச்சோம். மூக்கு ஒத்துழைக்கலை.

சோழிங்கநல்லூர் சிக்னல். ஞாயித்துக்கிழமையும் மெட்ரோ தூண்களுக்கு நடுவுல வண்டிங்க நகராம நிக்குது. லெஃப்ட் எடுத்து செம்மஞ்சேரி. மெயின் ரோட்டுல அடுக்குமாடியும் காலேஜும். உள்ள திரும்பினா அரசு கட்டின குடியிருப்பு, 6 ஆயிரத்துக்கு மேல வீடுகள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்துல இருந்தும், ஆத்தோரத்துல இருந்தும் வந்தவங்க நிறையப் பேர் இங்க இருக்காங்க.

நாவலூர் தொடற இடத்துல ஒரு டீக்கடை. நிழற்குடை டெக்னிக்படி கிட்டத்தட்ட அங்கதான் எல்லை. மாஸ்டர்கிட்ட ரெண்டு டீ சொல்லிட்டுக் கேட்டோம். "அண்ணே, இது சோழிங்கநல்லூர் தொகுதியா, திருப்போரூர் தொகுதியா?"

"தேர்தல் வந்தா ரெண்டு பக்கத்து ஆளுங்களும் இங்கதான் டீ குடிப்பாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கணக்கு மட்டும் தனித்தனி நோட்டு!"

"தண்ணி நின்னா யார்கிட்ட சொல்வீங்க?"

டீயை ஆத்திக்கிட்டே சிரிச்சார். "அவங்க இவங்களைச் சொல்வாங்க. இவங்க அவங்களைச் சொல்வாங்க. அதுக்குள்ள தண்ணி தானா வடிஞ்சுடும்."

சிரிச்சுட்டோம். பணம் குடுத்துட்டு வண்டி எடுக்கறப்பதான் அது ஜோக் இல்லைன்னு புரிஞ்சுது.

'வீடே இல்லை, பேர் எப்படி இருக்கும்?'

நாவலூர்ல திரும்பி தாழம்பூர், காரணை வழியா ஒட்டியம்பாக்கம். தாழம்பூர் திருப்போரூர் தொகுதி. ஒட்டியம்பாக்கம் மறுபடி நம்ம 27. ஒரு பத்து நிமிஷத்துல தொகுதியை விட்டு வெளிய போய் உள்ள வந்துட்டோம், ஒரு எருமை மாடு கூட கேள்வி கேட்கலை. கல் வெட்டி எடுத்த பள்ளத்துல பச்சைத் தண்ணி நிக்கற குவாரி, புதுசா ஜல்லி கொட்டின மனைப் பிரிவு, ஏரிக்கரை. இதெல்லாம் தாண்டி அரசன்கழனி வழியா தோழியோட ஏரியா பெரும்பாக்கம்.

நிஜமா சொல்றேன், நாலு செமஸ்டரா ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருக்கோம். அவ வீட்டுக்கு நான் போனது அன்னிக்குத்தான் முதல் தடவை. என் வீட்டுக்கு அவ பத்து தடவையாவது வந்திருப்பா.

எட்டு மாடி பிளாக்குகள் வரிசையா நிக்குது. துரைப்பாக்கத்துல கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அதுக்கப்புறம் இது. நகரத்துக்குள்ள இருந்து ஆத்தோரம், ரோட்டோரம் இருந்தவங்களைக் கொண்டு வந்து குடிவெச்ச மூணு பெரிய குடியிருப்பும் ஒரே தொகுதியில! கண்ணகி நகர்ல மட்டும் 15 ஆயிரத்துக்கு மேல வீடு. பஹ்ரைன்ல 2025-ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல தங்கம் ஜெயிச்ச இந்தியப் பெண்கள் கபடி டீம்ல ஆடின கார்த்திகா அந்த ஏரியா பொண்ணுதான். பெரும்பாக்கத்துலயே செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தோட புதுக் கட்டடமும் இருக்கு, 2022-ல திறந்தாங்க.

தோழியோட அம்மா சுடச் சுட சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாங்க. சாப்பிட்டுக்கிட்டே நாங்க சுத்தின கதையைச் சொன்னோம். கேட்டுட்டு அமைதியா இருந்தாங்க. அப்புறம் அவங்க சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லணும்னு நினைச்சேன்.

கூவம் கரையோரம் இருந்தது அவங்க பழைய வீடு. 2018-ல இங்க மாத்தினாங்க. தோழி அப்ப ஏழாம் வகுப்பு. 2019 தேர்தலுக்கு அம்மா பழைய அட்டையை எடுத்துக்கிட்டு ரெண்டு பஸ் மாறி பழைய ஏரியாவுக்கே போய் ஓட்டு போட்டாங்க. பழைய பக்கத்து வீட்டுக்காரங்களை எல்லாம் அந்த க்யூவுலதான் பார்த்தாங்களாம். "கல்யாணத்துக்குப் போன மாதிரி இருந்துச்சு கண்ணு."

2021-லயும் போனாங்க. ஒருநாள் கூலியை விட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி, வெயில்ல க்யூவுல நின்னு, உள்ள போனா பேர் இல்லை. 'குடிபெயர்ந்துட்டாங்க'ன்னு எடுத்துட்டாங்க.

"தப்பு சொல்ல முடியாது கண்ணு. சரிபார்க்க வந்தவங்க வீட்டைத் தேடியிருப்பாங்க. அங்க வீடே இல்லை, பேர் எப்படி இருக்கும்?"

பழைய ஊர்ல பேரை எடுத்தாச்சு. புது ஊர்ல சேர்க்கலை. நடுவுல ஒரு ஆள். மேப்ல எந்தக் கலர்லயும் வராத ஆள். காலைல இருந்து கோடு எங்க, கோடு எங்கன்னு தேடிக்கிட்டிருந்தேன். அது ஒரு அம்மாவைத் தாண்டிப் போயிருக்கு, அவங்களுக்கே தெரியாம!

தோழி விண்ணப்பம் போட்டப்போ அம்மாவுக்கும் சேர்த்து படிவம் 6 போட்டிருக்கா. அவளுக்கு அட்டை வந்துடுச்சு. அம்மாவுக்கு இன்னும் வரலை. "வரும், வரும்"னு சொல்லிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊத்தினாங்க.

43 ரூபாய் vs 170 ரூபாய்

சாப்பிட்டு முடிச்சு மேடவாக்கம். மேம்பாலத்துக்குக் கீழ வண்டியை ஓரம் கட்டி, கால்குலேட்டரை எடுத்தோம். என்ஜினீயரிங் பசங்க பாஸ், கணக்கு போடலைன்னா சோறு செரிக்காது!

இந்தத் தொகுதிகளைப் பிரிச்சது 2001 மக்கள்தொகைக் கணக்கை வெச்சு. அப்ப தமிழ்நாட்டுல 6 கோடியே 24 லட்சம் பேர். தொகுதிகள் 234. வகுத்தா ஒரு தொகுதிக்கு சுமார் 2 லட்சத்து 67 ஆயிரம் பேர். குழந்தை குட்டி எல்லாம் சேர்த்துத்தான்.

2001-ல இந்த ஏரியா எப்படி இருந்திருக்கும்? ஓ.எம்.ஆர்.ல இந்த அளவுக்கு ஐ.டி. கம்பெனி இல்லை. பெரும்பாக்கம் பிளாக் இல்லை. மேடவாக்கத்துல மேம்பாலம் இல்லை. சைக்கிள்ல போனா ஏரி, வயல், பனைமரம். அந்தத் தலைக்கணக்கை வெச்சு 2008-ல பட்டியல் போட்டு, 2011-ல முதல் சட்டமன்றத் தேர்தல் நடத்தறதுக்குள்ள ஊரே ஆளைத் தெரியாம மாறிடுச்சு!

2021 தொடக்கத்துல வந்த இறுதிப் பட்டியல்படி சோழிங்கநல்லூர்ல வாக்காளர்கள் மட்டும் சுமார் 6 லட்சத்து 94 ஆயிரம். தமிழ்நாட்டிலேயே அதிகம். அதே பட்டியல்ல கடைசி இடம் துறைமுகம் தொகுதிக்கு. சுமார் 1 லட்சத்து 76 ஆயிரம். அதாவது நம்மாளுங்க நாலு பேர் சேர்ந்தாத்தான் துறைமுகத்துல ஒருத்தருக்குச் சமம்!

அந்த நிழற்குடை நிதி ஞாபகம் இருக்கா? ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பெரிய தொகுதி, சின்னத் தொகுதி வித்தியாசம் கிடையாது. 2021 பட்டியல்படி வகுத்துப் பாருங்க. துறைமுகத்துல ஒரு வாக்காளருக்கு வருஷம் 170 ரூபாய். இங்க 43 ரூபாய். ஒரு எம்.எல்.ஏ. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்த்தாலும், இங்க எல்லா வாக்காளரையும் ஒரு ரவுண்டு பார்த்து முடிக்க 19 வருஷம் ஆகும். யார் எம்.எல்.ஏ.வா இருந்தாலும் இதுதான் கணக்கு.

சரி, மறுபடி பிரிக்க வேண்டியதுதானே? அங்கதான் இன்னொரு முடிச்சு. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தின மாநிலங்கள் சீட்டை இழந்துடக் கூடாதுன்னுதான் எண்ணிக்கையைப் பூட்டி வெச்சாங்க. 2026-க்கு அப்புறம் எடுக்கற முதல் மக்கள்தொகைக் கணக்கு வர்ற வரைக்கும் பூட்டைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னது, 2001-ல கொண்டுவந்த 84-வது அரசியல் சாசனத் திருத்தம். தமிழ்நாட்டுக்கு அந்தப் பூட்டு ஒரு பாதுகாப்பு. ஆனா அதே பூட்டு தமிழ்நாட்டுக்குள்ள ஒரு பெரும்பாக்கத்துக்குப் பாரமாவும் ஆகியிருக்கு. ரெண்டுமே உண்மைதான். நியூஸ்ல 'தொகுதி மறுசீரமைப்பு'ன்னு வந்தா சேனல் மாத்தற ஆளா நீங்க? நானும்தான். இனிமே மாத்த மாட்டேன்.

தண்ணிக்கு யார் சொன்னது எல்லையை?

மேடவாக்கத்துல இருந்து நன்மங்கலம். ரோட்டோரத்துல காப்புக்காடு. பாறை இடுக்குல பெரிய கொம்பு ஆந்தை இருக்கற காடு. பட்டப்பகல்ல அது தூங்கியிருக்கும், எங்களுக்குக் குடுத்து வைக்கலை. அடுத்து கோவிலம்பாக்கம். அதை ஒட்டின கீழ்க்கட்டளை பல்லாவரம் தொகுதி, எம்.பி.யும் ஸ்ரீபெரும்புதூர். அப்புறம் எங்க மடிப்பாக்கம். வடக்கால நங்கநல்லூர் போனா ஆலந்தூர் தொகுதி. எங்க வீட்டுல மோர் குடிச்சுட்டு (அம்மா பெட்ரோல் முள்ளை எட்டிப் பார்த்து முறைச்சாங்க), பள்ளிக்கரணை வழியா துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டைப் பிடிச்சோம்.

இந்த ரோட்டுல போனீங்கன்னா ஒரு தடவையாவது வண்டியை நிறுத்துங்க. ரெண்டு பக்கமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். தூரத்துல வெள்ளை வெள்ளையா கூழைக்கடா. அதுக்கு அந்தப் பக்கம் குப்பைமேடு. 2022-ல இதை ராம்சர் பட்டியல்ல சேர்த்தாங்க. உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அர்த்தம். பரப்பு 1,247 ஹெக்டேர். முன்னாடி இருந்ததுல இது ஒரு துண்டுதான்.

தென்சென்னைப் புறநகர்ல பெய்யற மழை ஏரி ஏரியா நிரம்பி இங்கதான் வருது. தாம்பரம் பக்கத்துத் தண்ணியும் வருது, எங்க மடிப்பாக்கம் தண்ணியும் வருது. இங்க இருந்து ஒக்கியம் மடுவு வழியா ஓ.எம்.ஆர்.க்கு அடியில போய், பக்கிங்ஹாம் கால்வாய்ல கலந்து, தெற்கால முட்டுக்காடு பக்கம் போய்க் கடல்ல சேரணும். கவனிச்சீங்களா? தண்ணி வர்றது வேற தொகுதியில இருந்து. தேங்கறது நம்ம தொகுதியில. போய்ச் சேரறது இன்னொரு தொகுதியில!

2015 டிசம்பர்ல எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மிதந்துச்சு. தண்ணி நிழற்குடையைப் படிச்சுப் பார்த்துட்டு வர்றதில்லை. அந்த டீ மாஸ்டர் சொன்ன வரி அங்க நின்னப்போ மறுபடி ஞாபகம் வந்துச்சு.

"நம்ம ரெண்டு பேர் வீட்டுக்கும் நடுவுல இருக்கே, எப்படி ஒரே தொகுதின்னு கேட்டேன்ல?"ன்னா தோழி. "நம்ம ரெண்டு வீட்டுத் தண்ணியும் இங்கதான்டீ வருது. அந்தப் பட்டியலை எழுதினவங்க இதை நினைச்சு எழுதலை. ஆனா ஒரே தொகுதியா இருக்கறது நியாயம்தான்."

லூசுன்னு நினைச்சிருந்தேன். பாயின்ட்டா பேசறா!

நடந்து போயிடலாமா?

துரைப்பாக்கம், பெருங்குடி, கந்தன்சாவடி தாண்டி, ஆரம்பிச்ச கொட்டிவாக்கத்துக்கே வந்தப்போ மணி அஞ்சு. மீட்டர்ல அறுபது கிலோமீட்டருக்கு மேல. சர்வே பாடத்துல இதுக்கு 'க்ளோஸ்டு டிராவர்ஸ்'னு பேர். கிளம்பின புள்ளியிலயே வந்து முடியணும். முடியாம கொஞ்சம் தள்ளி வந்தா அது 'க்ளோசிங் எரர்'. எவ்வளவு தப்பா அளந்திருக்கோம்னு அது காட்டிக் குடுத்துடும். நாங்க சரியா வந்து சேர்ந்துட்டோம். ஆனா கணக்குல ஒரு ஆள் உதைச்சுக்கிட்டே இருந்தாங்க.

பீச் மணல்ல உட்கார்ந்து சுண்டல் வாங்கிக்கிட்டு, தோழி போனை எடுத்தா. தேர்தல் ஆணையத்தோட வாக்காளர் தேடல் பக்கத்துல அம்மா பேர், வயசு, மாவட்டம் எல்லாம் போட்டா. இங்க ஒரு குறிப்பு: மாவட்டம்னு கேட்டா நீலாங்கரைக்காரங்க, மடிப்பாக்கக்காரங்க 'சென்னை'ன்னு போட்டுடாதீங்க. 2021 தேர்தலை இந்தத் தொகுதிக்கு நடத்தினது செங்கல்பட்டு மாவட்டம். நாற்பது கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கற கலெக்டர் ஆபீஸ்! என் பேரைத் தேடறப்போ நான் ஒரு வாரம் சென்னையில தேடி ஏமாந்தேன்.

கொஞ்ச நேரம் சுத்திச்சு. அப்புறம் வந்துச்சு. அம்மாவோட பேர், பாகம் எண், வரிசை எண், ஓட்டுச்சாவடி. 27 - சோழிங்கநல்லூர்.

சுண்டல் பொட்டலத்தை என் கையில திணிச்சுட்டு அம்மாவுக்குப் போன் போட்டா. ஸ்பீக்கர்ல போட்டிருந்ததால எனக்கும் கேட்டுச்சு.

நீங்களும் ஒரு தடவை தேடிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். உங்க பேரை மட்டும் இல்லை, உங்க வீட்டுல வேலை செய்யற அக்கா பேரை, வாட்ச்மேன் தாத்தா பேரை. புதுசா சேர்க்க படிவம் 6. பட்டியல்ல பேர் இருந்து வீடு மாறியிருந்தா படிவம் 8. 17 வயசு முடிஞ்சிருந்தா முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சந்தேகம்னா 1950-க்கு ஒரு போன். தொகுதிக் கோட்டை நாம நகர்த்த முடியாது. ஆனா கோட்டுக்கு வெளிய நிக்கற ஒருத்தரை உள்ள கூப்பிட முடியும். அதுக்கு சிவில் என்ஜினீயரிங் எல்லாம் படிக்க வேண்டியதில்லை!

அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்கறீங்களா? சந்தோஷமா கத்துவாங்கன்னு எதிர்பார்த்தோம். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"பூத்து எந்தப் பள்ளிக்கூடம் கண்ணு? நடந்து போயிடலாமா?"

"நடந்து போற தூரம்தாம்மா."